கோத்தகிரியிலிருந்து கோவைக்கு: என் கொழுப்புக் கல்லீரல் அனுபவம்

முதல் பயணமே வீண். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி என்ற கல்லீரல் என்சைம் 74 என்று கூடுதலாக வந்ததால் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். போனில் நேரம் கொடுத்தவர் "ஒன்பது மணிக்கு வாங்க" என்றதோடு சரி. விடிகாலை பஸ் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியும் டீயும் சாப்பிட்டுக் கோவை போனால், "சாப்பிட்டீங்களா? அப்போ நாளைக்கு வாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்த ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். மலையிலிருந்து போகிறவர்கள் நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மறுவாரம் ஸ்கேன் முடிந்தது: கொழுப்புக் கல்லீரல், கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்க வேண்டும், சர்க்கரையை விட வேண்டும் என்றார் டாக்டர்.

அப்புறம்தான் பெரிய தப்பு செய்தேன். கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின் என்ற இயற்கை வேதிப்பொருள் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். கிரீன் டீ சாறு கேப்ஸ்யூலைக் கொடுத்து, "இயற்கைதான் சார், ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். தினம் இரண்டு. ஆறாவது வாரம் எஸ்.ஜி.பி.டி 160! டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கேப்ஸ்யூலில் இ.ஜி.சி.ஜி என்ற கேட்டச்சின் மட்டும் 400 மில்லிகிராம். மாத்திரையாக ஒரு நாளைக்கு 800-ஐத் தொட்டாலே கல்லீரல் என்சைம்கள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. டீயாகக் குடித்தால் சராசரியாக 90 முதல் 300 வரைதான் உள்ளே போகிறது. மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூலும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது என்று எச்சரித்தார். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாமாம்.

அன்றோடு கேப்ஸ்யூலை நிறுத்தினேன். சர்க்கரை இல்லாமல் இரண்டு டம்ளர் கிரீன் டீ, ஒரு கடுங்காப்பி (காப்பியில் உள்ள குளோரோஜெனிக் அமிலமும் கல்லீரலுக்கு நல்லதாம்), மதியம் சோற்றைப் பாதியாக்கி முட்டைக்கோஸ், அவரை, கீரை. பிரெட், வர்க்கி இரண்டையும் விட்டேன். மழைக்கால மாலைகளில் வர்க்கி இல்லாமல் இருப்பது உண்மையிலேயே கஷ்டம். தினமும் மேடேறி நடை.

எட்டு மாதத்தில் 82 கிலோ 75 ஆனது. எஸ்.ஜி.பி.டி 36, ஸ்கேனில் கிரேடு 1. இதில் எடைக்கு எவ்வளவு பங்கு, டீக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பங்கு எடைக்குத்தான் என்கிறார் டாக்டர்.

மீதிக் கேப்ஸ்யூலை அதே மெடிக்கல் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பணம் திரும்பத் தரவில்லை. 160 என்று இருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, அடுத்து கேட்பவரிடம் இதையும் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை கடைக்காரர் அதை வாங்கி முழுதாகப் படித்தார்.