வீட்டுக்கு வீ வாங்கின கதை

2010 கடைசில பசங்களுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கலாம்னு முடிவு பண்ணப்போ உடம்ப அசைச்சு ஆடற மாதிரி மார்க்கெட்ல மூணு இருந்துச்சு, நின்டெண்டோவோட வீ கன்சோல் 2006லயே வந்தாச்சு, சோனியோட ப்ளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கன்சோல்ல சேத்து ஆடற மூவ் அந்த செப்டம்பர்ல, மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்ல மாட்டற கினெக்ட் நவம்பர்ல வந்துச்சு.

கினெக்ட் மேல எனக்கு ரொம்ப ஆசை. கையில எதுவும் பிடிக்க வேண்டாம், கேமரா நம்ம உடம்பையே பாத்துக்கும். ஆனா ஒருத்தர் ஆடவே 6 அடி தள்ளி நிக்கணும், ரெண்டு பேர்னா 8 அடி. எங்க ஹால்ல டேப் வச்சு அளந்தேன், சோஃபாவ எடுத்தாலும் 7 அடிதான். அதோட அது போச்சு. மூவ் துல்லியம்தான், குச்சி நுனியில இருக்கற கலர் பல்ப கேமரா பாத்து கண்டுபிடிக்கும், ஆனா எங்ககிட்ட பிஎஸ்3 கிடையாது, அதையும் சேத்து வாங்கினா செலவு எங்கயோ போயிடும்.

கடைசில வீ தான், ரிமோட் மாதிரி ஒண்ண கையில பிடிச்சு வீசி ஆடறது. கிராஃபிக்ஸ் சுமார், எச்டி கூட இல்ல, பெரிய பையனுக்கு அதுல வருத்தம். ஆனா கூடவே வர்ற வீ ஸ்போர்ட்ஸ் கேம்ல பவுலிங் (கிரிக்கெட் இல்ல, பந்த உருட்டி பின்கள சாய்க்கறது) போட்டப்போ, அதுவரைக்கும் டிவி ரிமோட்ல சேனல் மாத்தறதோட சரின்னு இருந்த எங்கம்மா எந்திரிச்சு நின்னு ஆடினாங்க பாருங்க, பட்டன விடற நேரம் மட்டும் சொல்லிக் குடுத்தோம், மூணாவது ஆட்டத்துல ஸ்ட்ரைக், ஒரே உருட்டுல எல்லா பின்னும் காலி. பேரன் கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வந்துட்டாங்க, அவங்களுக்கும் ஒரு ரிமோட்.

ஒண்ணு மட்டும், ரிமோட்ல இருக்கற கயிற மணிக்கட்டுல மாட்டாம யாரையும் ஆட விடாதீங்க.