சொல்லலன்னா போகாது இல்ல?

"அக்கா, இங்க பேசுறது காலேஜுக்குப் போகுமா?"

நான் ஆலோசகராக இருக்கும் மனநல ஆலோசனை சாட்டில் வருகிற மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? உள்ளே நுழையவே காலேஜ் மெயில் ஐடி வேண்டும். எங்களுக்குப் பணம் கட்டுவதும் காலேஜ்தான். எல்லோருக்கும் சொல்வதையே அந்தப் பையனுக்கும் டைப் செய்தேன்: "போகாது. மாசம் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கை மட்டும் போகும். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா யார்கிட்டயாவது சொல்ல வேண்டி வரும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது: "அப்போ அதை நான் சொல்லலன்னா போகாது இல்ல?"

கிண்டலா, கணக்குப் போடுகிறானா, இல்லை, சொல்லியே விட்டானா? குரல் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். போனில் பேசலாமா என்றதற்கு, "ரூம்ல மூணு பேர் இருக்காங்க" என்றான். நேராகவே கேட்டேன், சாகணும்னு தோணுதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நானும் அதை நம்புகிறேன். "சேச்சே, அதெல்லாம் இல்லக்கா." கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. விதியைச் சொன்ன பிறகு வருகிற 'இல்லை'யை எவ்வளவு தூரம் நம்புவது?

பிறகு அரியர், கல்விக் கடன், அரியரோடு கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள் என்ற பயம், அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லாதது. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்கு.

முடிக்கும்போது 14416 எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவன் கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு காலேஜ் மெயில் வேணுமா?" வேண்டாம் என்றேன். "ஓகேக்கா." அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை.

சட்டம் என் பக்கம்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கும் தருகிறது. முன்கூட்டியே சொல்லாமல் பிறகு வார்டனுக்குப் போன் போட்டால் அதுதான் துரோகம். இதையெல்லாம் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனாலும் அந்த வரியை டைப் செய்யும்போது நான் நினைப்பது எதிரே இருப்பவனையா, நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னைக் கேள்வி கேட்கப்போகிறவர்களையா? இரண்டையும்தான்.

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். ஆனால் இவனைப் போன்றவன் அந்த அறைக்குள் நுழையும் முன், அது ஹெச்.ஓ.டி. அறைக்கு எதிரே இருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

14416-இல் பேசினானா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவன் அங்கேயும் பேசியிருக்க மாட்டான்.