ஆரி மயிலும் என் கட்டைவிரலும்

தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கைக் கையில் ஒரு மயில், சட்டத்தில் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் ஆரித் தையலில். அவ்வளவுதான் ஆசை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜரி நூலும் பாசியும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் மயிலுக்குக் கொண்டை வந்தது, எனக்குக் கட்டைவிரல் போனது. சமைக்கும் குவாலிச் சட்டியைத் தூக்க முடியவில்லை.

கோடாலித் தைலம் தேய்த்து ஒரு வாரம் ஓட்டினேன். அப்புறம்தான் கிளினிக். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார் டாக்டர். உயிர் போய் வந்தது. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடித்துவிட்டதாம். சுவிஸ் மருத்துவர் டி குவெர்வேன் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். விரலில் மரப்பு இருக்கிறதா, ராத்திரி எழுப்பிவிடுகிறதா என்றும் கேட்டார். அது மணிக்கட்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறி, வேறு கதை. நல்லவேளை, எனக்கு இல்லை. இரண்டு வாரம் கைப்பட்டை, ஊசியைத் தொடவில்லை.

திரும்பத் தொடங்கும்போது சட்டத்தை முதலில் கவனித்தேன். சோபாவில் உட்கார்ந்து காப்பி மேசைமேல் வைத்துத் தைத்திருக்கிறேன். ஐந்து கிலோ தலையைக் கழுத்து மணிக்கணக்கில் தொங்கப்போட்டுச் சுமந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன். அது உயரம் அதிகம், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டன. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி மேசைமேல் நான்கு பெரிய மைலோ டின்கள், அவற்றின்மேல் சட்டம். முழங்கையைவிட நான்கு விரல் உயரம். எதிர்ப்பக்க டின்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்ததும் துணி என்னைப் பார்த்துச் சாய்ந்தது. அடியில் நூல் கொடுக்கும் இடது கைக்கும் இடம் கிடைத்தது.

அடுத்தது பிடி. ஆரி ஊசியின் மரக்காம்பு ஒல்லி. ஒல்லியாக இருந்தால் விரல் தானாக இறுக்கும். காம்பில் துணி பிளாஸ்டரைத் தாராளமாகச் சுற்றினேன். தவறு. ஊசியைத் திருப்பும் உணர்வே போய், கொக்கி நூலைப் பிளந்தது. பாதியைப் பிரித்தேன், பென்சிலைவிடச் சற்றுப் பருமன், சரியாக இருந்தது. மேல்மாடி அக்கா பார்த்துவிட்டு, “ஏம்மா, ஊசியக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்கிற? சுத்தி விடு, அழுத்தாத” என்றார். அழுத்தக் காரணம் துணி தளர்ந்திருந்ததுதான். உறுமி மேளத்துத் தோல்போல இழுத்துக் கட்டியதும் ஊசி தானாக இறங்கியது. இத்தனை மாற்றத்தில் எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்பேன், காசும் செலவில்லை.

விளக்கு இடப்பக்கம் வந்தது, வலது கையின் நிழல் இனித் தையலில் விழாது. கைப்பேசி 20 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கிறது. எழுந்து குளுகோர் வீட்டு ஜன்னலில் பினாங்குப் பாலத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறேன். மணியை அணைத்துவிட்டு “இந்த ஒரு இறகு மட்டும்” என்று தைத்த நாளெல்லாம் மறுநாள் தோள் பிடித்திருக்கிறது.

திரும்பத் தொடங்கி இப்போது ஆறாவது வாரம். ஒரு கை முடிந்தது, மற்றதில் தோகை பாதி. குவாலியைத் தூக்குகிறேன். பாசி கோக்கும் மெல்லிய ஊசியைக் கிள்ளிப் பிடித்தால் மட்டும் இன்னும் சுருக்கென்கிறது. அதனால் கழுத்துக்குப் பாசி வேண்டாம், வெறும் சங்கிலித் தையல் போதும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை.