மிதி மிஷின்

நாலு வருடத்துக்குப் பிறகு இன்று சம்பளம் வாங்கினேன்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கொஞ்ச நாளில், யாங்கோன் ஓரத்து லைங்தாயாவில் நான் வேலை பார்த்த கார்மெண்ட்ஸுக்கு ஆர்டர் நின்றது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் ஜூலையில் அப்பாவுக்குக் கொரோனா. யாங்கோன் முழுக்க ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனம் வரிசையில் நின்ற நேரம் அது. அப்பா பிழைத்தார். அம்மாவின் வளையல் போயிற்று.

எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தேன். 1,300 கியாட் சொச்சம் இருந்த டாலர், 2024-இல் வெளிச்சந்தையில் 5,000-ஐத் தாண்டியது. அரிசி, எண்ணெய் விலையைச் சொல்லவே வேண்டாம்.

காப்பாற்றியது அத்தையின் பழைய மிதி மிஷின்தான். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதற்குக் கரண்டே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கி மாதிரியான தமேனுக்கு இடுப்பில் கறுப்புப் பட்டை வைத்து, விளிம்பை மூட்டிக் கொடுப்பேன். பட்டை வழுக்கும், விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மிதிக்க வேண்டும். முதுகு கழன்றுவிடும். ஆனால் அன்றைய அரிசிக்கு ஆகும். "காசு அப்புறம் தருகிறேன்" என்று சொல்லாத அந்தப் பெண்களை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது தையல் கடையில் மாதச் சம்பளம். வரும் வழியில் அனோரதா சாலைக் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்பா கவரை வாங்கி இரண்டு தடவை எண்ணினார். ஒன்றும் பேசாமல் சாமி படத்தடியில் வைத்தார்.