ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்

பிப்ரவரி 12, 2024

ஐந்தாம் மாதம் என்று ஆபீசில் சொன்னேன். இன்று எச்.ஆர். கூப்பிட்டுவிட்டார். "உடம்பைப் பாத்துக்கம்மா. ஒரு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு. குழந்தை பொறந்தப்புறம் இடம் இருந்தா கூப்பிடறோம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திருப்பூரில் இந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு, பிள்ளை பெற்றபின் திரும்பி வந்த பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துப் போனவர்கள்.

பிப்ரவரி 13

மகப்பேறு நலச் சட்டம், 1961. ராத்திரி முழுக்க அதைத்தான் படித்தேன். பன்னிரண்டு வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பை 2017இல் 26 வாரமாக்கினார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்.

12ஆம் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். கர்ப்பமாக இருக்கும்போது நீக்கினாலும், பெரிய ஒழுங்கீனம் ஏதும் இல்லாதவரை பேறுகாலப் பணத்தை மறுக்க முடியாது. ராஜினாமாவை ஏன் இவ்வளவு கனிவாகக் கேட்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. அவர்கள் அனுப்பினால் சட்டம் குறுக்கே நிற்கும். நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால், வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாடு நம்முடையது. எத்தனை பெண்களின் சம்பளம் அந்த ஒரு தாளோடு போயிருக்கும்!

பிப்ரவரி 17

ஹவுஸ்கீப்பிங் அக்காவின் மகளும் மாசமாக இருக்கிறாள், பேக்கிங்கில் வேலை. "காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அதெல்லாம் ஏது கண்ணு" என்றார் அக்கா. பே ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தேன், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ.யே தரும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஆறாறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மாதச் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் என்பதால் எனக்குக் கம்பெனி தர வேண்டும். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சலுகை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது என்றேன். அக்கா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

பிப்ரவரி 26

"எதுக்கு சாமி வம்பு" என்கிறார் மாமியார். விடுப்பு எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று எழுதி, டாக்டர் சான்றிதழோடு கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்து வாங்கினேன். அதையே ஈமெயிலிலும் அனுப்பினேன். ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

மார்ச் 4

விடுப்புக்குச் சம்மதம் என்று பதில் வந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் சம்பள உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. "நீதான் ஆறு மாசம் இருக்க மாட்டியே" என்கிறார்கள். அது போன வருஷம் நான் பார்த்த வேலைக்கான உயர்வு. காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுப்பேன். அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் போக வேண்டும்.