மந்தைவெளித் தெருக்களை நாங்கள் அளந்த விதம்

உங்கள் ஏரியா முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நடமாடத் தோதாக இருக்கிறதா என்று ஆய்வு செய்யப் போகிறீர்களா? படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் யார் கூட வரப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். எங்களோடு சக்கர நாற்காலியில் வரும் ஒரு அண்ணன், வெள்ளைக்கோல் வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி, முட்டிவலியோடு தினமும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடக்கும் ஒரு மாமி, மூவரும் வந்தார்கள். அவர்கள் முன்னால், நாங்கள் டேப்பும் நோட்டுமாகப் பின்னால்.

தெருத் தெருவாகப் பார்க்கவில்லை. வீட்டு வாசலிலிருந்து மருந்துக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், பறக்கும் ரயில் நிலையம் என்று வழி வழியாகப் பார்த்தோம், ஏனென்றால் நடுவில் ஒரே ஒரு இடம் அடைபட்டாலும் அண்ணனுக்கு அந்த வழி முழுக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அளவுகளுக்கு ஐஆர்சி 103-ஐ, அதாவது இந்திய சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியை, வைத்துக்கொண்டோம். தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், நடைபாதை உயரம் 15 செ.மீ.க்குள். அகலத்தை நடைபாதையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளக்காதீர்கள், மரத்துக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் மிச்சமிருப்பதை அளந்து பாருங்கள். சரிவு 1:12-க்கு மேல் போகக் கூடாது, அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியில் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் சரி. பைக் ஏறாமலிருக்க நட்ட கம்பங்களுக்கு நடுவே 90 செ.மீ. கூட இல்லாத இடத்தில் பைக் எப்படியோ நுழைகிறது, அண்ணன்தான் வெளியே நின்றார்.

ஆனால் டேப் காட்டாததையும் அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதை இறங்கி ஏறுகிறது, அகலம் சரியாக இருந்தும் மாமி ரோட்டில்தான் நடக்கிறார், "ஏறி இறங்கி ஏறி இறங்கி முட்டி போயிடும்மா" என்றார். பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் டைல்ஸ் நேராக மின்பெட்டியில் போய் முட்டுவதை அந்த மாணவி கோலால் தட்டியே காட்டினாள். உட்கார இடம் வேண்டும் என்று மாமி கேட்டது எங்கள் படிவத்தில் இல்லவே இல்லை. முதியவர்களுக்கு ஏற்ற நகரங்கள் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டியில் உட்காரும் இடமும் கழிப்பறையும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துக்கொண்டோம்.

அப்புறம் மனு. நீளமாக எழுதிய அறிக்கைக்குப் பதிலே வரவில்லை. ஒவ்வொரு தடைக்கும் தனிப் புகார், படம், அளவு, கதவு எண் என்று சென்னை மாநகராட்சியின் 1913 புகார் சேவையில் பதிந்ததும் புகார் எண் கிடைத்தது, அதைச் சொல்லிக் கேட்க முடிந்தது. ஏரியா சபைக் கூட்டத்தில் அண்ணனே பேசினார். நடப்பவர்களுக்கு முன்னுரிமை என்று மாநகராட்சி 2014-இலேயே ஒரு கொள்கையை ஏற்றிருப்பதையும் சொன்னார். பொறியாளர் ஒருவர் எங்களோடு நடந்து பார்த்தபிறகு ஒரு கம்பம் போனது, ஒரு முனையில் சரிவு வந்தது. மின்பெட்டி வேறு துறை, அது அப்படியே இருக்கிறது.

ஐப்பசியில் இதே வழிகளில் மறுபடி போகப் போகிறோம். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பது வெயிலில் தெரியவில்லை.