2 பிக்கோஆம்பியரோடு பழகுவது

மூளையைப் பின்பற்றும் அனலாக் சிப் வடிவமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நரம்பியல் படித்துவிட்டு வருகிறார்கள். படிக்கட்டும். ஆனால் முதல் சில மாதங்களில் கைகொடுப்பது ஒரு சின்னக் கணக்குதான்.

சிப்பில் நியூரானின் சவ்வுக்குப் பதிலாக 1 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் (பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு). 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அதற்கே சுமார் 1,000 சதுர மைக்ரோமீட்டர் போய்விடும். இதைவிடப் பெரிதாக வைக்க இடமில்லை. சவ்வின் மின்னூட்டம் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று சொல்லும் கால மாறிலி 20 மில்லிவினாடி வேண்டுமென்றால், கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய 2 பிக்கோஆம்பியராக இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் 'ஆஃப்' என்று நாம் படித்த நிலையில் ஓடுவதுதான் இது. டிஜிட்டல் ஆட்கள் லீக்கேஜ் என்று திட்டுவதை வைத்தே வேலை வாங்கலாம் என்று 1980-களில் கால்டெக்கில் காட்டியவர் கார்வர் மீட். இந்த நிலையில், டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்னழுத்தம் 85 மில்லிவோல்ட் அளவு ஏறினாலே மின்னோட்டம் பத்து மடங்காகும்.

முதல் அடி சிமுலேஷனிலேயே விழும். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளில் ஜிமின் என்றொரு அமைப்பு உண்டு. கணக்கு சீக்கிரம் ஒரு விடைக்கு ஒருங்க, டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு p-n சந்திப்பின் குறுக்கேயும் 10⁻¹² சீமென்ஸ் கடத்தியைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். 1 வோல்ட்டில் அது 1 பிக்கோஆம்பியர். நம் கசிவில் பாதி! நியூரான் ஸ்பைக் (மின் துடிப்பு) அடிக்கவில்லையே என்று சர்க்யூட்டை நோண்டுவதற்கு முன் ஜிமினை 10⁻¹⁵-க்கும் கீழே இறக்க வேண்டும். மின்னோட்டத்தில் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று சொல்லும் ஆப்ஸ்டாலும் வழக்கமாக 1 பிக்கோஆம்பியரில்தான் நிற்கும், அதையும் சேர்த்து இறக்குங்கள். ஓட்டம் மெதுவாகும், சிலசமயம் ஒருங்காமலே நின்றுவிடும். சவ்வுக்குத் தொடக்க மின்னழுத்தம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது பொருந்தாமை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் வராது. 1×1 மைக்ரோமீட்டரில் த்ரெஷோல்டு (டிரான்சிஸ்டர் 'ஆன்' ஆகும் மின்னழுத்தம்) வேறுபாட்டின் திட்டவிலக்கம் 5 மில்லிவோல்ட் என்று வையுங்கள். மின்னோட்டம் சுமார் 14 சதவீதம் தள்ளிப்போகும். 0.5×0.5 என்றால் 30 சதவீதத்தைத் தொடும். பிழையைப் பாதியாக்கப் பரப்பு நான்கு மடங்கு வேண்டும். இந்தச் சிதறலைத் தற்செயல் எண்களால் பலமுறை ஓட்டிக் காட்டும் மான்டி கார்லோ வரைபடத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் பெரிதாக்குவது புதியவர்களின் வழக்கம். பிறகு சிப்பில் பத்து நியூரான்தான் அடங்கும். கால மாறிலியைத் தீர்மானிக்கும் கசிவு டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் போதும். நியூரான்களை இணைக்கும் சினாப்ஸ் சிறிதாகவே இருக்கட்டும். நூறு சினாப்ஸ் ஒன்றாகக் கூடும் இடத்தில் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

அளக்கும்போது வேறு பாடம். சாதாரண ஆஸிலோஸ்கோப் ப்ரோபின் தடை 10 மெகாஓம். 1 வோல்ட்டில் 100 நானோஆம்பியர் உறிஞ்சும், அதாவது நம் மின்னோட்டத்தைப்போல் 50,000 மடங்கு. ஆகவே இரண்டு நியூரான்களின் சவ்வையாவது சிப்புக்குள்ளேயே பஃபர் (மின்னோட்டம் உறிஞ்சாமல் மின்னழுத்தத்தை நகலெடுத்துத் தரும் சர்க்யூட்) வைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். டேப்அவுட்டுக்கு (வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது) முந்தைய இரவு இடம் போதாமல் முதலில் வெட்டப்படுவதும் அந்த பஃபர்தான். மூடி இல்லாத பேக்கேஜை மேசை விளக்கின் கீழ் வைத்தால் ஸ்பைக் வேகமே மாறும், சந்திப்புகளில் ஒளிமின்னோட்டம் பிறப்பதால். கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அளந்து பாருங்கள். (ஒளிக்கு மின்னோட்டம் தரும் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியதுதான் மிஷா மகோவால்ட், மீடோடு சேர்ந்து செய்த சிலிக்கன் விழித்திரை.)

இவற்றையெல்லாம்விட ஏமாற்றுவது ஒன்றுண்டு. எந்த நியூரான் அடித்தது என்ற ஸ்பைக் முகவரியைச் சுமக்கும் டிஜிட்டல் கம்பி ஒரு கேட் முனையின் மேலே போகிறது. இடையில் 2 ஃபெம்டோஃபாரட். அந்த முனையின் சொந்தக் கொள்ளளவு 20 ஃபெம்டோஃபாரட் மட்டுமே. 1.8 வோல்ட் தாவலில் கேட் 160 மில்லிவோல்ட் எகிறும், மின்னோட்டம் கணநேரத்துக்கு 80 மடங்கு. பக்கத்து நியூரான்கள் சேர்ந்தாற்போல் அடிக்கத் தொடங்கும். 'ஒத்திசைவு வந்துவிட்டது, மூளை மாதிரியே' என்று அறை குதூகலிக்கும். எல்லா சினாப்ஸ் எடையையும் (இணைப்பின் வலிமை) பூஜ்யமாக்கிப் பாருங்கள். அப்போதும் சேர்ந்தே அடித்தால், லேஅவுட்டைத் திறந்து அந்தக் கம்பிக்கும் கேட்டுக்கும் நடுவே தரையோடு இணைத்த உலோகத் தகடு ஒன்றைப் போடுங்கள்.